பின்சக்கரம் பூட்டிக்கொள்கிறதா? அசல் சிலிப்பர் கிளட்சும் பந்தய கிளட்சும்: ஓர் ஒப்பீடு

மோட்டார் சைக்கிளில் கியரைக் குறைக்கும்போது பின்சக்கரம் பூட்டிக்கொண்டு துள்ளுகிறது என்று பட்டறையில் சொன்னால், பினாங்கில் மூன்று யோசனைகள் கிடைக்கும். வண்டியோடு வந்த சிலிப்பர் கிளட்சை, அதாவது கியர் குறைக்கும்போது தானே சற்று வழுக்கி அதிர்ச்சியைத் தாங்கும் கிளட்சை, அசல் தட்டுகளும் அசல் ஸ்பிரிங்குகளும் போட்டுப் புதுப்பிக்கலாம். பந்தயத்துக்கென விற்கப்படும் வேறு சிலிப்பர் கிளட்சை மாட்டலாம். அல்லது கிளட்சைத் தொடாமல், திராட்டிலைச் சற்றுத் திருகி எஞ்சின் வேகத்தைச் சமன்செய்து கியர் குறைக்கப் பழகலாம். என் 250 சிசி இரட்டைச் சிலிண்டர் வண்டிக்கு நான் முதல் வழியையே தேர்ந்தேன், அன்றாடம் சாலையில் ஓட்டுகிறவர்களுக்கு அதுவே சரி என்று கருதுகிறேன்.

செலவு செய்வதற்கு முன் ஒன்றை உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். சக்கரம் பூட்டிக்கொண்ட கணத்தில் கிளட்ச் லீவரை இழுத்தால் உடனே விடுபடுகிறது என்றால், அது எஞ்சினின் இழுவையால், அதாவது திராட்டிலை விட்டதும் எஞ்சின் பின்சக்கரத்தைப் பிடித்து வேகத்தைக் குறைப்பதால் வருவது. லீவரை இழுத்தும் விடுபடவில்லை என்றால் குறை பின்பிரேக்கிலோ, சக்கர பேரிங்கிலோ, கியர்பாக்ஸிலோ இருக்கிறது. அந்த வண்டியை மேற்கொண்டு ஓட்டக் கூடாது, எந்த சிலிப்பர் கிளட்சும் அதற்கு மருந்தாகாது. தொய்ந்த சங்கிலி, தேய்ந்த பின்டயர், மிகக் குறைவாக வைத்த ஐடிலிங், கையேட்டில் சொன்ன அளவில் இல்லாத லீவர் விளையாட்டு (கிளட்ச் பிடிக்கத் தொடங்கும் முன் லீவர் தளர்வாக நகரும் தூரம்) ஆகியவற்றைப் பார்த்துச் சரிசெய்ய அதிக நேரம் ஆகாது.

இந்தக் கிளட்சின் வேலை என்னவென்று புரிந்தால் ஒப்பீடு எளிது. பாயா தெருபோங்கிலிருந்து துன் சார்டோன் சாலை வழியாக மலையேறி பாலிக் பூலாவ் பக்கம் இறங்கும்போது, ஈரமான வளைவுக்கு முன் முன்பிரேக்கைப் பிடித்தால் எடை முன்னால் சாய்ந்து பின்டயரின் பிடிப்பு குறைகிறது. அதே நேரத்தில் இரண்டு கியர் இறக்கிக் கிளட்சைச் சட்டென்று விட்டால், எஞ்சினைச் சுழற்ற வேண்டிய பாரம் முழுவதும் அந்தப் பிடிப்பில்லாத டயர்மேல் விழுகிறது. சிலிப்பர் கிளட்சில், சக்கரம் எஞ்சினைத் தள்ளும் அந்த நிலையில் உள் ஹப்பின் (தட்டுகளைத் தாங்கும் நடுப்பாகத்தின்) சாய்வான மேடுகளான கேம்கள், தட்டுகளை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டை ஸ்பிரிங்குக்கு எதிராகச் சிறிது தூக்கிவிடுவதால், தட்டுகள் வழுக்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்கின்றன. எஞ்சின் இழுவை வலுவாக உள்ள நான்கு ஸ்ட்ரோக் வண்டிக்கு இது எவ்வளவு தேவை என்பதை உணர்ந்து, ஹோண்டா 1979இல் பந்தயத்தில் இறக்கிய என்ஆர்500இலேயே இத்தகைய ஏற்பாட்டை வைத்தது. 2018இல் வந்த கவாசாகி நின்ஜா 250, நம் ஊரில் எங்கும் காணப்படும் யமஹா ஒய்16இசட்ஆர் போன்றவற்றில் இருப்பது 'அசிஸ்ட் அண்ட் சிலிப்பர்' வகை. இதில் எதிர்ப்பக்கக் கேம்கள், எஞ்சின் சக்கரத்தை ஓட்டும்போது பிரஷர் பிளேட்டை உள்ளே இழுத்து இறுக்குகின்றன. ஆகவே மென்மையான ஸ்பிரிங்குகளே போதுமானவை, லீவரும் இலகுவாக இருக்கிறது.

எனக்கு எல்லாவற்றையும் தீர்மானித்தது பராமரிப்பு, அதிலும் தட்டு அடுக்கின் மொத்த உயரம். உராய்வுத் தட்டுகளும் இரும்புத் தட்டுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுப் பெறும் உயரம்தான் பிரஷர் பிளேட் எங்கே அமர வேண்டும் என்பதையும், கேம்களுக்கிடையே எவ்வளவு இடைவெளி இருக்க வேண்டும் என்பதையும் நிர்ணயிக்கிறது. அடுக்கு உயர்ந்துவிட்டால் கேம் தாமதமாகத் தொட்டு, சிலிப்பர் பிந்தி வேலை செய்து, சக்கரம் துள்ளும். தாழ்ந்துவிட்டால் முடுக்கும்போதே கிளட்ச் வழுக்கும். வேறு நிறுவனத்தின் தட்டு ஒவ்வொன்றும் 0.1 மில்லிமீட்டர் தடித்திருந்தாலும், 7 தட்டுகளில் அது 0.7 மில்லிமீட்டராகச் சேர்ந்துவிடும். கிளட்ச் வழுக்குகிறது என்று கடினமான ஸ்பிரிங்கைப் போடுவது இதைவிட மோசம்: கேம் அந்த ஸ்பிரிங்கைத் தூக்கியாக வேண்டும் என்பதால், சிலிப்பர் பெயரளவில் மட்டும் எஞ்சி நிற்கும். என் வண்டியில் முந்தைய உரிமையாளர் போட்டிருந்த ஸ்பிரிங்குகளை அசலுக்கு மாற்றி, அசல் தட்டுகளை அடுக்கியதும் துள்ளல் நின்றுவிட்டது.

அசல் பாகங்களைப் போட்டால் இந்த உயரத்தைக் கணக்கிடும் சுமை நம் தலையில் விழுவதில்லை. கையேட்டில் தேய்மான எல்லை அச்சிடப்பட்டிருக்கிறது. தட்டுகளைக் காலிப்பரில் அளந்து, தட்டுகளைச் சுற்றியுள்ள பாஸ்கெட் என்னும் கூட்டின் விரல்களிலும் ஹப்பிலும் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று பார்த்து, கேம் முகங்கள் வழவழப்பாக இருந்தால் மூடிவிடலாம். பள்ளம் விழுந்த விரல்களில் தட்டுகள் சிக்கிக்கொள்ளும் என்பதால், அப்போது தட்டை மட்டும் மாற்றுவது வீண்செலவு. பந்தய கிளட்சிலோ, தட்டு தேயத் தேய அடுக்கை மீண்டும் அளந்து, வெவ்வேறு தடிமனுள்ள இரும்புத் தட்டுகளால் உயரத்தைச் சரிக்கட்ட வேண்டியிருக்கும். அதைப் பொறுமையாகச் செய்யத் தெரிந்த மெக்கானிக் பக்கத்திலேயே இருந்தால் கவலையில்லை. பாகம் வந்து சேரும்வரை வேலைக்குப் போக வேறு வண்டி இல்லாதவருக்கு அது சுமைதான். விற்கும்போதும், அசல் பாகங்களோடு இருக்கும் வண்டியை வாங்குபவர் தயங்காமல் கேட்கிறார்.

பந்தய கிளட்சுக்கு உரிய இடமும் உண்டு. செப்பாங் பந்தயத் தடத்தில் பின்நேர்ச்சாலையின் முடிவில் 15ஆம் வளைவுக்குள் கடுமையாக பிரேக் பிடித்து நுழைகிறவர், சிலிப்பர் எந்த அழுத்தத்தில் விட வேண்டும் என்பதைத் தானே அமைத்துக்கொள்ள முடிவது பெரிய பயன். நான் அதை இரவல் வண்டியில் சாலையில் மட்டுமே ஓட்டியிருப்பதால், பந்தயத் தடத்தில் அதன் மதிப்பைப் பற்றி என் சொல்லை முடிவாகக் கொள்ள வேண்டாம். மூன்றாவது வழி செலவில்லாதது, எந்தக் கிளட்ச் இருந்தாலும் பழக வேண்டியது. ஏனெனில் சிலிப்பர் எஞ்சின் இழுவையைக் குறைக்கிறதே தவிர நீக்குவதில்லை, மழையில் இரண்டு மூன்று கியர்களை ஒரேயடியாக இறக்கினால் அதுவும் கைவிடும்.

அசல் தட்டுகளைப் போட முடிவு செய்தவர்கள் அவற்றை மாட்டுவதற்கு முன் எஞ்சின் எண்ணெயில் ஊறவைக்கச் சொல்லுங்கள். எண்ணெய், மோட்டார் சைக்கிள் கிளட்சுக்கு ஏற்றது என்பதைக் குறிக்கும் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 தரத்தில் இருக்கட்டும். காருக்கான, உராய்வைக் குறைக்கும் எண்ணெய் வேண்டாம். கிளட்ச் பிடிக்கும்போது வரும் நடுக்கத்தைக் குறைக்கும் ஜடர் ஸ்பிரிங் உள்ள வண்டியில் அதன் வளையம் எந்தப் பக்கம் பார்த்து அமர வேண்டும் என்பதைக் கழற்றும்போதே படம் எடுத்து வைத்துக்கொண்டால், மாற்றி மாட்டும் அபாயமில்லை.