தம்பானூர் இந்தியன் காபி ஹவுஸ்: சாப்பாடு சரி, அந்த டீமைப் பாருங்கள்

திருவனந்தபுரம் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால், எதிரே பஸ் ஸ்டாண்டை ஒட்டி செங்கல் நிறத்தில் உருளையாக ஒரு கட்டிடம் நிற்கும். அதுதான் தம்பானூர் இந்தியன் காபி ஹவுஸ். நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்துக்காரர்களுக்கு நான் வழி சொல்ல வேண்டியதில்லை, ஆர்.சி.சி. புற்றுநோய் மருத்துவமனைக்கோ ஸ்ரீ சித்திரை மருத்துவமனைக்கோ வைத்தியத்துக்குப் போய்வந்த குடும்பங்களில் பலரும் ரயிலுக்குக் காத்திருக்கும்போது இங்கே ஒரு காபியாவது குடித்திருப்பார்கள். மசால் தோசை, கட்லெட் பற்றியெல்லாம் பிறகு சொல்கிறேன். எனக்கு இந்தக் கடையில் பெரிதாகப் படுவது அங்கே வேலை செய்கிறவர்கள் சேர்ந்து வேலை செய்யும் விதம். நல்ல டீம் என்றால் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால், நான் கைகாட்டுவது இந்தக் கடையைத்தான்.

முதலில் கட்டிடம். கட்டிடக் கலைஞர் லாரி பேக்கர் வடிவமைத்தது. உள்ளே முதல் மாடி, இரண்டாம் மாடி என்று எதுவும் கிடையாது. நுழைந்த இடத்திலிருந்து தரையே மெல்ல ஏறத் தொடங்கி, வட்டமாகச் சுற்றிச் சுற்றி மேலே போய்க்கொண்டே இருக்கும். வெளிச்சுவரை ஒட்டி, கட்டிடத்தோடு சேர்த்தே கட்டிய மேஜைகளும் இருக்கைகளும் வரிசையாக ஏறும், சுவரில் செங்கல் விட்டு விட்டு அடுக்கிய ஓட்டைகள் வழியே காற்றும் வெளிச்சமும் வரும். உட்கார்ந்து சாப்பிட அருமையான இடம். ஆனால் பரிமாறுகிறவர் பக்கத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். சமையல் கீழே நடக்கிறது, வாடிக்கையாளர் மூன்று சுற்று மேலே இருக்கிறார், தரை முழுக்கச் சரிவு, நடைபாதையும் அகலம் இல்லை. சூடான காபியும் சாம்பாரும் தட்டில் வைத்துக்கொண்டு அதில் ஏற வேண்டும், எச்சில் தட்டுகளோடு அதிலேயே இறங்க வேண்டும். ஒரே ஒருவர் தன் மேஜையை மட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாலும் அந்தக் கட்டிடம் மொத்தமும் அரை மணி நேரத்தில் நின்றுவிடும்.

நிற்பதில்லை. ரயில் வந்து ஒரு கூட்டம் மொத்தமாக உள்ளே நுழையும் நேரத்தில் கவனித்துப் பாருங்கள். கீழே வரும் பணியாளர் மேலே ஏறுகிறவரைக் கண்டதும் தானாகவே ஒரு மேஜை இடுக்கில் ஒதுங்குவார், சூடான தட்டுக்குத்தான் வழி, காலித் தட்டு காத்திருக்கும். யாரும் "தள்ளு" என்று சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. இறங்குகிறவர் வெறுங்கையோடு இறங்க மாட்டார், வழியில் யாருடைய மேஜையில் காலி டம்ளர் இருந்தாலும் எடுத்துக்கொண்டுதான் போவார். ஒருமுறை என் பக்கத்து மேஜைக்கு ஒரு வயதான அம்மாவை மகன் மெதுவாக நடத்திக் கூட்டிவந்தார். "சேட்டா, அம்மைக்கு இதுக்கு மேல ஏற முடியாது, கீழ எடம் இருக்கா?" என்று அங்கிருந்த பணியாளரிடம் கேட்டதுதான் தாமதம், அவர் வாசலை ஒட்டி நின்ற இன்னொருவரைப் பார்த்து ஒரு கையசைப்புக் காட்டினார். வாசலில் நின்றவர் அங்கே ஒரு மேஜையைத் துடைத்துவிட்டு, "அம்மை இவிடே இரிக்கட்டே" (அம்மா இங்கே உட்காரட்டும்) என்று கூப்பிட்டார். அம்மா போய் உட்கார்வதற்குள் தண்ணீர் வந்திருந்தது. அது யாருடைய மேஜை, யார் கணக்கு என்ற பேச்சே எழவில்லை.

வெள்ளை உடுப்பும் தலையில் விசிறிபோல விரிந்த தொப்பியும் பார்த்து இது ஏதோ பழைய காலத்து அலங்காரம் என்று நினைப்பவர்கள் உண்டு. தொப்பியின் பட்டை நிறம் பொறுப்பைச் சொல்கிறது, அதனால் யார் என்ன செய்ய வேண்டியவர் என்பதில் குழப்பம் இல்லை. ஆனால் அதையும் தாண்டி ஒரு விஷயம் இருக்கிறது, அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

இந்தியாவில் காபி விற்காமல் தேங்கிய காலத்தில், மக்களைக் காபி குடிக்கப் பழக்குவதற்காக 1936-இல் பம்பாயில் இப்படி ஒரு கடையைத் திறந்தார்கள். பிறகு காபி வாரியத்தின் கையில் நாடு முழுக்கப் பல கடைகள் நடந்தன. 1950-களின் நடுவில் வாரியம் கடைகளை மூட முடிவெடுத்தது, வேலை பார்த்தவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அப்போது நாடாளுமன்றத்தில் கம்யூனிஸ்ட் தலைவராக இருந்த ஏ.கே.கோபாலன், "கடைகளை நீங்களே எடுத்து நடத்துங்கள்" என்று அவர்களைக் கூட்டுறவுச் சங்கம் அமைக்க வைத்தார். 1957-இல் பெங்களூரில் முதல் சங்கம் பிறந்தது, அதே வருடம் டெல்லியில் கடை திறந்தது, 1958-இல் திருச்சூர். கேரளத்தில் இதை வளர்த்தவர்களில் முக்கியமானவரான நடய்க்கல் பரமேஸ்வரன் பிள்ளையே அந்தப் பழைய காபி ஹவுஸ் தொழிலாளிதான். இன்றும் கேரளத்தில் திருச்சூர், கண்ணூர் என இரண்டு சங்கங்கள் நடத்துகின்றன. முதலாளி என்று தனியாக ஒருவர் கிடையாது. தொழிலாளர்களே உறுப்பினர்கள், நிர்வாகக் குழுவை அவர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆகவே மேலே உட்கார்ந்து முடிவெடுக்கிறவருக்குத் தட்டு தூக்குவது என்றால் என்ன என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

என்னைக் கேட்டால் ரகசியம் இதில்தான் இருக்கிறது. நான் முன்பு வேலை பார்த்த ஒரு கம்பெனியில் வருடா வருடம் ஒரு ரிசார்ட்டுக்குக் கூட்டிப்போவார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு பின்னால் விழ வேண்டும், சக ஊழியர் பிடிப்பார், அதனால் நம்பிக்கை வளருமாம். திங்கட்கிழமை வந்து உட்கார்ந்ததும் அதே ஆட்கள், பக்கத்து சீட்டுக்காரர் எத்தனை வேலை முடித்தார் என்பதை வைத்து ஒருவருக்கு இன்க்ரிமென்ட், இன்னொருவருக்கு எச்சரிக்கை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை டீமைக் கலைத்து வேறு ஆட்களோடு சேர்ப்பார்கள். நல்ல மனிதர்கள்தான் எல்லோரும், ஒருவருக்கொருவர் உதவினால் தன் கணக்கில் குறையும் என்றால் எந்த நல்லவரும் யோசிக்கத்தான் செய்வார். பின்னால் விழுந்து பழகுவதால் அது மாறாது.

ஆட்களை மாற்றிக்கொண்டே இருப்பதைப் பற்றி ஒரு தகவல் எனக்கு மறக்கவே மறக்காது. அமெரிக்காவில் பெரிய விமான விபத்துகளை ஆராய்ந்து அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1994-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. விமானக் குழுவின் தவறுகள் காரணமாக இருந்த விபத்துகளில், விவரம் கிடைத்தவற்றில் 73 சதவீதம் அந்தக் குழு சேர்ந்து பறந்த முதல் நாளிலேயே நடந்தவை, 44 சதவீதம் முதல் பயணத்திலேயே. அவர்கள் அனுபவம் இல்லாத விமானிகள் அல்ல, சேர்ந்து வேலை செய்து பழகாதவர்கள். ஹார்வர்டில் பல வருடம் குழுக்களை ஆராய்ந்த ரிச்சர்ட் ஹாக்மன் இந்த எண்களைத்தான் எடுத்துக்காட்டியிருக்கிறார். புது ஆள் வந்தால்தான் புது யோசனை வரும், பழைய டீம் சோம்பிப்போகும் என்று மேனேஜர்கள் நம்புவது பெரும்பாலும் தவறு என்பது அவர் வாதம். காபி ஹவுஸில் சேர்ந்தவர்கள் நீண்ட காலம் அங்கேயே இருக்கிறார்கள், உதவியாளராகச் சேர்ந்து படிப்படியாக உயர்கிறார்கள். நரைத்த மீசைக்காரர் ஒருவர் சரிவில் கால் வைக்கும் நிதானத்தைப் பார்த்தாலே தெரியும், அந்தத் தரையின் ஒவ்வொரு அடியும் அவருக்கு மனப்பாடம். அவருக்குப் பின்னால் ஒரு இளைஞர் அதே நடையைப் பழகிக்கொண்டிருப்பார். இப்படிப் பழகிக்கொள்ள ஒரு பயிற்சி வகுப்பும் போதாது, பக்கத்தில் வருடக்கணக்காக நடந்தால்தான் வரும்.

முதலாளி இல்லாவிட்டால் எல்லாம் தானாக நடந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. எத்தனையோ கூட்டுறவுச் சங்கங்கள் சண்டையிலேயே மூழ்கிப்போனதை நம் ஊரிலேயே பார்த்திருக்கிறோம். சொந்தம் என்ற எண்ணத்தோடு யார் வேலை எது என்ற தெளிவும் வேண்டும், ஒருவர் தடுமாறினால் மற்றவர் கண்ணில் படுகிற மாதிரி இடமும் வேண்டும். இங்கே கட்டிடமே அந்த மூன்றாவது விஷயத்தைச் செய்துவிடுகிறது, ஒரு சுற்றில் நின்று பார்த்தால் அடுத்த சுற்றில் யார் திணறுகிறார்கள் என்று தெரியும்.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன். மசால் தோசையை வெட்டினால் உள்ளே மஞ்சள் உருளைக்கிழங்கை எதிர்பார்க்காதீர்கள், பீட்ரூட் சேர்த்துச் சிவப்பாக இருக்கும். முதல் தடவை பார்ப்பவர்கள் கொஞ்சம் திகைப்பார்கள், லேசான இனிப்போடு எனக்கு மிகவும் பிடிக்கும். கட்லெட்டும் அதே பீட்ரூட் சிவப்பு, வெங்காயமும் சாஸும் கூட வரும், சூடாகச் சாப்பிட வேண்டும். காபி நம் டிகிரி காபி வகை இல்லை, இதற்கு ஒரு தனி மணமும் தனி ரசிகர்களும் உண்டு. விலை எந்தப் பஸ் பயணியும் யோசிக்காமல் உட்காரும் விலை.

வயதானவர்களோடு போனால் நுழைந்ததுமே கீழே இடம் கேளுங்கள், மேலே ஏற்றிவிட்டு இறக்க வேண்டாம். தனியாகப் போனால் இரண்டாவது சுற்றில் உட்காருங்கள், இரண்டு பக்கமும் நடப்பது தெரியும். ரயிலுக்கு ஒரு மணி நேரமாவது கையில் இருக்கட்டும், கட்லெட் முதலில், காபி கடைசியில். எழுந்திருக்கும்போது தட்டையும் டம்ளரையும் மேஜை ஓரமாக ஒன்றாகச் சேர்த்து வைத்துவிடுங்கள், இறங்குகிறவருக்கு எடுத்துப்போக வசதி.