வீட்டிலேயே கார் சார்ஜ்: முதலில் எர்த்தைப் பாருங்கள்

திருச்சியில் எங்கள் வீட்டில் டாடாவின் மின்சாரக் காரான நெக்ஸான் ஈவி ஓடுவது இது மூன்றாவது வருடம். 30.2 யூனிட் பேட்டரி கொண்ட பழைய மாடல். வெளியூர்ப் பயணம் தவிர மற்ற எல்லா சார்ஜும் வீட்டில்தான், காரோடு வந்த 15 ஆம்பியர் சார்ஜரில்தான். கார் வாங்கப் போகிறவர்கள் ஒரு சார்ஜுக்கு எவ்வளவு தூரம் ஓடும், பேட்டரி எத்தனை வருடம் வரும் என்றே கேட்கிறார்கள். உங்கள் வீட்டு எர்த், அதாவது கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கிவிடும் இணைப்பு, எப்படி இருக்கிறது என்று நான் திருப்பிக் கேட்பேன். வீட்டு சார்ஜிங் நிம்மதியாக அமைவதும் தலைவலியாவதும் அங்கேதான் முடிவாகிறது.

ஃபேன், ஃபிரிட்ஜ், மிக்சி எல்லாம் எர்த் சரியில்லாவிட்டாலும் ஓடிவிடும். கார் சார்ஜர் ஓடாது. பிளக்கைச் செருகியதும் அது முதலில் எர்த் இருக்கிறதா என்று பார்க்கும். திருப்தி இல்லையென்றால் சிவப்பு விளக்கைக் காட்டி நின்றுவிடும். எங்கள் வீட்டில் மழைக்காலம் முழுக்க ஒழுங்காக ஏறிக்கொண்டிருந்த சார்ஜ், சித்திரை வெயிலில் நடு இரவில் நிற்கத் தொடங்கியது. எலக்ட்ரீஷியன் வந்து மீட்டரை நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே வைத்தார். இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது அதைவிட நன்றாகவே ஏறி நின்றது. “எர்த் கம்பி புதைச்ச குழி காஞ்சு போச்சு சார், ரெண்டு குடம் தண்ணி ஊத்துங்க” என்றார். ஊற்றிய கொஞ்ச நேரத்தில் சார்ஜ் ஏறத் தொடங்கியது. மண்ணில் ஈரம் இருந்தால்தான் எர்த் நன்றாகப் பிடிக்கும். அப்புறம் கார் நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே கரியும் உப்பும் போட்டுப் புதுக் குழி எடுத்து, அங்கிருந்து சாக்கெட்டுக்குத் தனி எர்த் கம்பி இழுத்தோம். கோடையில் மட்டும் அவ்வப்போது தண்ணீர் விடுகிறோம். அதற்குப் பிறகு சிவப்பு விளக்கு எரியவில்லை.

அடுத்தது சாக்கெட். ஏசியும் கீசரும் விட்டு விட்டுத்தான் முழுக் கரன்ட் இழுக்கும். கார் விடிய விடிய ஒரே சீராக 3 கிலோவாட் அளவுக்கு இழுக்கும். சாதாரண சாக்கெட்டில் பின் கொஞ்சம் தளர்ந்தாலும் சூடேறி உருகிவிடும். மெயின் போர்டிலிருந்து தனியாக 4 ஸ்கொயர் எம்எம் காப்பர் ஒயர், லோடு மீறினால் தானாக அணையும் 20 ஆம்பியர் எம்சிபி, மின்கசிவு வந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, உலோகப் பெட்டியில் வரும் இண்டஸ்ட்ரியல் சாக்கெட்: இதில் எதிலும் காசு மிச்சம் பார்க்காதீர்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டி வேண்டவே வேண்டாம். முதல் முறை சார்ஜ் போட்டதும் ஒரு மணி நேரம் கழித்து பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே நிறுத்திவிடுங்கள்.

வேகம்? மணிக்கு 9, 10 சதவீதம் ஏறும். கோடையில் சாயங்காலம் தெரு முழுக்க ஏசி ஓடும்போது வோல்டேஜ் இறங்கி இன்னும் மெதுவாகும். அதனால் படுக்கப் போகும்போதுதான் போடுகிறோம். வெயிலில் ஓடி வந்த வண்டிக்கும் அதற்குள் கொஞ்சம் ஆறிவிட நேரம் கிடைக்கிறது. நடுவில் கரன்ட் போய் வந்தால் சார்ஜ் தானாகவே தொடரும்.

ஈபி பில் விஷயத்தில் பலர் தப்புக் கணக்கு போடுகிறார்கள். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினால் சார்ஜிங்கில் வீணாவதையும் சேர்த்து இரண்டு மாதத்துக்குச் சுமார் 330 யூனிட் ஆகும். அதை யூனிட் 4.80 ரூபாய் என்று பெருக்கக் கூடாது. ஏற்கெனவே இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் ஓடும் வீட்டில் காரின் யூனிட்கள் எல்லாம் கட்டணம் கூடுதலான மேல் ஸ்லாபில்தான் போய் உட்காரும். 2024 ஜூலை கட்டணப்படி 501 முதல் 600 வரை 8.55 ரூபாய், 601 முதல் 800 வரை 9.65. அதோடு 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கு 2.35 ரூபாய் மட்டும் கட்டும் சலுகையும் போய்விடும். இதையெல்லாம் சேர்த்தாலும் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய்க்குப் பக்கத்தில்தான் வருகிறது. ஊருக்குள் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் காரில் ஆறரை ரூபாய்க்கு மேல் ஆகும். லாபம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் விற்பவர்கள் சொல்லும் அளவுக்கு லாபம் இல்லை.

சுவரில் பொருத்தும் வேகமான சார்ஜரான 7.2 கிலோவாட் வால் பாக்ஸ் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: தினமும் நூறு கிலோமீட்டருக்குள் ஓடும் காருக்கு அது தேவையே இல்லை. பெரிய பேட்டரி கார் என்றால் யோசிக்கலாம். அப்போதும் 32 ஆம்பியர் தாங்கும் 6 ஸ்கொயர் எம்எம் ஒயர் வேண்டும். வீட்டு இணைப்பின் அனுமதிக்கப்பட்ட லோடு போதுமா என்று பழைய பில்லில் பார்த்து, போதாவிட்டால் கூட்டித் தரச் சொல்லி மின்வாரியத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இந்த வேலைகளை கார் புக் செய்த அன்றே தொடங்கிவிடுங்கள். வண்டி வீட்டுக்கு வரும் நாளில் சாக்கெட்டும் எர்த்தும் தயாராக இருக்கும்.