மாநாடா, செய்முறைப் பயிற்சியா?

சைபர் குற்றத் துறையைக் கற்க நினைக்கும் நெல்லைக்காரருக்கு இரண்டு வழி. கேரளக் காவல்துறை நடத்தும் கொக்கூன் மாநாடு கொச்சியில் என்றால், ராத்திரி பாலருவி ரயில் ஏறிக் காலையில் இறங்கிவிடலாம். புதுப்புது மோசடிகள் காதில் விழும். டீ இடைவேளைப் பேச்சுதான் பாதி லாபம்.

இன்னொன்று, ஊரிலேயே செய்முறைப் பயிற்சி. கைப்பற்றிய பென்டிரைவை ரைட் பிளாக்கர் (அதில் எதுவும் எழுதப்படாமல் தடுக்கும் கருவி) வழியாகச் செருகி, எஃப்டிகே இமேஜர் என்ற மென்பொருளில் நகலெடுத்து, மூலம், நகல் இரண்டின் ஹாஷ் மதிப்பும் (தரவின் கைரேகை மாதிரியான எண்) ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதிநியமம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி மின்னணு ஆதாரத்துக்குத் தரும் சான்றிதழில் அந்த மதிப்பையும் எழுத வேண்டும். இதெல்லாம் கேட்டு வராது, கை பழகணும்.

காவலரோ வக்கீலோ, முதலில் பயிற்சி, மாநாடு அப்புறம். பணம் கட்டுமுன் ஆளுக்கொரு கணினி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.