எச்சரிக்கை: டிரம்மைத் திறக்காமலேயே ஹேண்ட் பிரேக் வேலை முடிந்ததாகப் பில் போடுகிறார்கள்

கடலூர், புதுச்சேரிப் பகுதிகளில் பழைய கார் வைத்திருப்பவர்கள், குறிப்பாக மோரிஸ் மைனர் வைத்திருப்பவர்கள், ஹேண்ட் பிரேக் வேலைக்காக வண்டியைப் பட்டறையில் விடும் முன் இதைப் படித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். பழைய கார்களுக்கென்றே நடத்தப்படுவதாக விளம்பரம் செய்துகொள்ளும் புதுச்சேரிப் பட்டறை ஒன்றில், என் தந்தையாரின் 1957-ஆம் ஆண்டு மோரிஸ் மைனரை விட்டோம். பின்சக்கர லைனிங் (சக்கரத்தோடு சுழலும் டிரம் என்ற உருளையை உள்ளிருந்து உரசி நிறுத்தும் பட்டை) ஒரு செட், ஹேண்ட் பிரேக் கேபிள் இரண்டு, வீல் சிலிண்டர் (ஆயில் அழுத்தத்தால் அந்தப் பட்டையை டிரம்மை நோக்கித் தள்ளும் உறுப்பு) கிட் இரண்டு, கூலி என்று 14,800 ரூபாய்க்குப் பில் கொடுத்தார்கள். அந்தப் பில்லில் உள்ள ஒரு பொருள்கூட வண்டியில் மாற்றப்படவில்லை.

கால் பிரேக் நன்றாகவே பிடித்துக்கொண்டிருந்தது. ஹேண்ட் பிரேக் மட்டும் எவ்வளவு தூக்கினாலும் வண்டியை நிறுத்தவில்லை. இந்த வண்டியில் கால் பிரேக் நான்கு சக்கரங்களுக்கும் ஆயில் அழுத்தத்தால் செல்கிறது. ஹேண்ட் பிரேக்கோ இருக்கைகளுக்கு நடுவிலுள்ள கைப்பிடியிலிருந்து பின்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஓடும் இரண்டு கேபிள்களால் மட்டுமே இயங்குகிறது. கடற்கரை ஊரில் நிற்கும் வண்டிக்கு அந்தக் கேபிள்களின் உறைக்குள் துரு ஏறுவது இயல்பு என்பதால், கேபிள் மாற்ற வேண்டும் என்று பட்டறைக்காரர் சொன்னதில் எனக்கு ஐயம் எழவில்லை. வண்டியைத் திரும்ப எடுக்கச் சென்றபோது அவர் கைப்பிடியைத் தூக்கிக் காட்டி, "பாருங்க சார், ரெண்டு பல்லுலயே கல்லு மாதிரி நிக்குது" என்றார். உண்மையிலேயே அப்படித்தான் நின்றது. ஆனால் கைப்பிடி கடினமாக இருந்தால் கேபிள் இறுகியிருக்கிறது என்று மட்டுமே பொருள். டிரம்முக்குள் ஷூ, அதாவது லைனிங்கைத் தாங்கும் வளைந்த கட்டை, பிடிக்கிறதா என்பதை அது சொல்லாது. பட்டறை இருந்த தெருவோ சமதரை; அங்கே எந்த வண்டியும் ஹேண்ட் பிரேக் இல்லாமலேயே நிற்கும்.

அன்று கடலூர் திரும்பும் வழியில், கிருமாம்பாக்கம் தாண்டி கன்னியக்கோயிலை நெருங்கும்போதே தீய்ந்த வாடை வந்தது. இறங்கிப் பார்த்தால் வலப்பக்கப் பின்சக்கரத்தின் நடுப்பகுதியைத் தொட முடியாத அளவுக்குச் சூடு. உடனே தொலைபேசியில் கேட்டதற்கு, "புது லைனிங் சார், ஓட ஓட செட் ஆயிடும்" என்று பதில் வந்தது. சில வாரங்களில் சூடு குறைந்தது. கூடவே பிடிப்பும் போய்விட்டது. கேப்பர் மலை ஏற்றத்தில் பலாப்பழம் வாங்க நிறுத்தியபோது அப்பா உள்ளே அமர்ந்திருந்தார். ஹேண்ட் பிரேக்கை முழுவதும் தூக்கி, முதல் கியரிலும் விட்டுத்தான் இறங்கினேன். தேய்ந்த பழைய இன்ஜினால் வண்டியின் எடையைத் தாங்கிப் பிடிக்க முடியாமல், வண்டி உந்தி உந்திப் பின்னால் நகரத் தொடங்கியது. பழம் விற்றுக்கொண்டிருந்த அம்மா கல்லை எடுத்துச் சக்கரத்தின் கீழ் வைத்ததால்தான் நின்றது. எண்பது வயதைக் கடந்த ஒருவரை உள்ளே வைத்துக்கொண்டு வண்டி தானாக இறங்கியதை எண்ணும்போது இப்போதும் எனக்குக் கோபம் அடங்கவில்லை.

பிறகு மஞ்சக்குப்பத்தில் பழைய அம்பாசிடர், பியட் வண்டிகளைப் பார்த்துப் பழகிய மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுசென்றேன். சக்கரத்தைக் கழற்றியதுமே அவர் டிரம்மைப் பிடித்திருக்கும் இரண்டு திருகாணிகளைக் காட்டினார். அவற்றின் தலையிலுள்ள வெட்டில் பழைய பெயின்டும் துருவும் கலையாமல் அப்படியே இருந்தன. ஸ்க்ரூ டிரைவர் பட்ட அடையாளமே இல்லை. அந்தத் திருகாணிகளைக் கழற்றாமல் டிரம் வெளியே வராது. டிரம் வராமல் லைனிங் மாற்ற முடியாது. உள்ளே லைனிங் முழுவதும் ஆக்ஸில் ஆயிலில் ஊறியிருந்தது. ஆக்ஸில் ஆயில் வெளியே வராமல் தடுக்கும் வளையமான ஆயில் சீல் கசிவதுதான் மூலக் குறை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. டிரம்முக்குப் பின்னாலுள்ள தகட்டில் சற்றே நகர்ந்து கொடுக்க வேண்டிய வீல் சிலிண்டர் துருவேறி ஒட்டிக்கொண்டிருந்தது. புதிய கேபிள் என்று பில் போட்டவை பழைய கேபிள்களே. மேலே கறுப்பு ஸ்ப்ரே பெயின்ட் அடித்திருந்தார்கள். நகத்தால் சுரண்டினால் கீழே துரு உதிர்ந்தது, ஒன்றில் சக்கரப் பக்க முனையில் இழைகள் அறுந்திருந்தன. பட்டறையில் நடந்த ஒரே வேலை, கைப்பிடியின் அடியில் உள்ள நட்டுகளை மரை முடியும் வரை இறுக்கியதுதான்.

இந்த வேலையின் முறை என்னவென்றால், ஹேண்ட் பிரேக்கை முழுவதும் இறக்கிவிட்டு, ஒவ்வொரு பின்சக்கரத்திலும் ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டரைச் சக்கரம் பூட்டிக்கொள்ளும் வரை திருப்பி, பிறகு சக்கரம் தடையின்றிச் சுழலும் அளவுக்கு ஒரு சொடுக்குப் பின்வாங்கி, அதன் பிறகும் கைப்பிடி அதிகம் மேலே வந்தால் மட்டுமே கேபிள் நட்டைத் தொட வேண்டும். அட்ஜஸ்டரை விட்டுவிட்டுக் கேபிளை மட்டும் இறுக்கினால், கைப்பிடியை இறக்கிய நிலையிலும் ஷூ டிரம்மை உரசிக்கொண்டே ஓடும். கன்னியக்கோயிலில் வந்த தீய்ந்த வாடைக்குக் காரணம் அதுவே. மஞ்சக்குப்பத்தில் சீல், லைனிங், கேபிள், சிலிண்டர் எல்லாவற்றையும் என் கண்ணெதிரே மாற்றினார்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்று டிரம்முக்குள் காற்றடிக்காமல் ஈரத்துணியால் துடைத்தார் அந்த மெக்கானிக். இத்தகைய கவனம் பணம் வாங்கிய முதல் இடத்தில் இருந்திருக்க வேண்டும்.

ஆகவே வேலையை ஒப்படைக்கும்போதே, டிரம்மைக் கழற்றும் நேரத்தில் நான் இருக்க வேண்டும், கழற்றிய பழைய கேபிளும் ஷூவும் என்னிடமே வர வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். தயங்குபவரிடம் வண்டியை விடாதீர்கள். திருகாணிகள், கேபிள் முனைகள், கைப்பிடி அடியிலுள்ள நட்டுகள் ஆகியவற்றை முன்னதாகவே படம் எடுத்து வைத்துக்கொள்வது மிகவும் உதவும். திரும்ப எடுக்கும்போது ஜாக் வைத்துப் பின்சக்கரங்களைக் கையால் சுற்றிப் பாருங்கள். பிறகு பட்டறை ஆளையும் அழைத்துக்கொண்டு ஏதேனும் ஓர் ஏற்றத்தில், கோரிமேட்டுப் பக்கம் போல, ஆபத்தில்லாத இடத்தில் நிறுத்திச் சோதித்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.

படங்களுடன் சென்று கேட்டபோது அந்தப் பட்டறைக்காரர், "பழைய வண்டி சார், இப்படித்தான் இருக்கும்" என்று கூறிப் பணம் திருப்பித் தர மறுத்துவிட்டார். ஸ்பீட் போஸ்டில் அறிவிப்பு அனுப்பியிருக்கிறேன். பதில் இல்லையெனில் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். பட்டறை புதுச்சேரியில் இருந்தாலும், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரின் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் முறையிடலாம். இதே போன்ற பில் கையில் வைத்திருப்பவர்கள், முறைகேடு நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகாரைப் பதிவு செய்துவிட வேண்டும்.