ரிபேராவா, தோரோவா, பிரியோராத்தா?

மூன்றும் ஸ்பெயினில் சிவப்பு ஒயின் செய்யும் பகுதிகள். ஸ்பானிய சிவப்பு ஒயினில் காரசாரம் என்று சொல்வது நாக்கு எரிவதை அல்ல. மிளகு, கிராம்பு, அதிமதுரம் என்று மசாலா டப்பாவைத் திறந்த மாதிரி ஒரு வாசம் வரும், அதைத்தான். சில ஒயின்களில் அது பீப்பாய் தருவது, சிலவற்றில் பழமே தருவது. நான் பாட்டிலைத் தேர்ந்தெடுப்பது இதைப் பார்த்துத்தான்.

துவேரோ ஆற்றையொட்டிய ரிபேரா தெல் துவேரோவில் கிராம்பும் வனிலாவும் பெரும்பாலும் ஓக் பீப்பாயின் கைவண்ணம். திராட்சை தெம்ப்ரனீயோ. தோட்டங்கள் பலவும் 750 மீட்டருக்கு மேலே இருக்கின்றன. பகலில் கொளுத்தினாலும் இரவு குளிர்ந்துவிடுவதால், பழம் நன்றாகப் பழுத்த பிறகும் புளிப்பு தங்குகிறது. லேபிளில் கிரியான்சா என்றிருந்தால் 2 ஆண்டு முதிர்ந்தது, அதில் குறைந்தது 1 ஆண்டு பீப்பாயில். அந்த ஊர்க்காரர்கள் விறகடுப்பில் வாட்டிய பால்குடி ஆட்டுக்குட்டியோடு இதைக் குடிக்கிறார்கள். அந்தக் கொழுப்புக்கு இந்தப் புளிப்பு அவ்வளவு பொருத்தம்.

அதே துவேரோ ஆற்றோடு மேற்கே போனால் தோரோ. திராட்சையும் அதேதான், பெயர் மட்டும் தின்தா தெ தோரோ. வெயில் கூடுதல், ஒயினும் கருப்பு, துவர்ப்பும் முரட்டுத்தனம். கொடியின் வேரைத் தாக்கும் ஃபிலாக்ஸெரா பூச்சி மணல் மண்ணில் பரவ முடியாததால், ஒட்டுக்கட்டாத பழைய கொடிகள் இங்கே இன்னும் காய்க்கின்றன. இளம் தோரோவை அவசரப்பட்டுத் திறக்காதீர்கள், துவர்ப்பு மட்டும்தான் தெரியும்.

என் மனம் சாய்வது கத்தலோனியாவின் பிரியோராத் பக்கம். கர்னாச்சா, கரின்யேனா திராட்சைகள். மண் என்று பெயர்தானே தவிர, யிகொரேயா எனும் கருத்த பலகைக்கல் சில்லுகள்தான் சரிவெங்கும். பழைய கொடிகள் கொஞ்சமாகத்தான் காய்க்கும், காய்ப்பதில் சாறு அடர்த்தியாக இருக்கும். கிட்டத்தட்ட கைவிடப்பட்டிருந்த இந்த மலைகளுக்கு 1980களின் கடைசியில் ஒயின் தயாரிப்பாளர்கள் ரெனே பார்பியேரும் ஆல்வரோ பலாசியோஸும் இன்னும் சிலரும் மறுவாழ்வு கொடுத்தார்கள். மிளகும் அதிமதுரமும் இங்கே பழத்தோடேயே வருகின்றன, பீப்பாய் பின்னால்தான் நிற்கிறது. விலைதான் கடிக்கும்.

பணம் யோசிக்க வைத்தால் தென்கிழக்கு ஸ்பெயினின் ஹுமீயா பகுதியில் மொனஸ்த்ரெல் திராட்சையில் செய்த ஒயினை வாங்குங்கள். ஆழம் குறைவுதான், ஆனால் மிளகும் கனமும் உண்டு.

இவற்றில் 14.5, 15 சதவீத ஆல்கஹால் சாதாரணம். அதனால் மிளகாய்க் காரம் தூக்கலான சாப்பாட்டோடு வேண்டாம், எரிச்சல் இரட்டிப்பாகும். 16 முதல் 18 டிகிரிக்குள் குளிர்வித்து, ஒரு மணி நேரம் முன்பே வாயகன்ற குடுவையில் ஊற்றி வையுங்கள். தோரோ என்றால் இரண்டு மணி நேரம்.