டிவைஸ் மெனேஜரில் நாலு வரி தெரிந்தால் நாலு கோர் என்று நம்பாதீங்க

கல்முனைப் பக்கம் பாவிச்ச லெப்டொப் வாங்கப் போறவங்க இதை வாசிச்சிட்டுப் போங்க. போன மாதம் தங்கச்சிக்கு ஒன்று எடுத்தேன், 85,000 ரூபா. கல்யாண வீடியோ எடிட் பண்ணிக் கொடுக்கிறவள். நாலு கோர் கட்டாயம் வேணும் என்று கடைக்குள்ள போனதுமே சொல்லிட்டேன். கோர் என்றால் லெப்டொப்பின் மூளையான புரொசசருக்குள்ள தனித்தனியா வேலை செய்யும் பகுதி.

"நாலு கோர்தான் தம்பி, கண்ணால பாருங்க" என்று கடைக்காரர் லெப்டொப்பின் பாகங்களைப் பட்டியலாகக் காட்டும் டிவைஸ் மெனேஜரைத் திறந்து, புரொசசர்ஸ் என்ற இடத்தை விரித்தார். ஐ7-7500யூ என்ற ஒரே பெயர் நாலு வரியில் நின்றது. விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணியும் காட்டினார். நம்பிக் காசைக் கட்டினேன்.

அந்த ரகத்தில் இருப்பது 2 கோர்தான். மற்ற ரெண்டு வரியும் ஹைப்பர்த்ரெடிங். ஒரு கோரை வின்டோஸுக்கு ரெண்டாகக் காட்டும் வசதி அது. இன்டெல் 2002இலேயே கொண்டுவந்தது. கணக்குப் போடும் பகுதியும், கேஷ் என்ற வேகமான சின்ன நினைவகமும் கோருக்கு ஒன்றுதான், ரெண்டு வேலை அதைப் பங்கிட்டுக்கொள்ளும். எங்க மருதமுனைக்காரருக்குத் தறியை வைத்துச் சொன்னால் சட்டென்று விளங்கும். ஒருத்தர் நூல் தீர்ந்து எழும்பிப் போற நேரத்தில் அடுத்தவர் உட்கார்ந்து நெய்யலாம். தறி சும்மா கிடக்காது. ஆனா ரெண்டு தறியில் வருகிற துணி ஒரு தறியில் வராது.

எடிட் பண்ணின வீடியோவை முழு ஃபைலாக எடுக்கிற எக்ஸ்போர்ட்டில் கோருக்கு ஓய்வே இல்லை. அதனால பங்கிட்டு வருகிற லாபமும் கொஞ்சம்தான். தங்கச்சி இரவு போட்டுவிட்டுப் படுத்தால் சுபஹுக்கு எழும்பும்போதும் ஓடிக்கொண்டிருக்கு.

திருப்பிக் கொண்டுபோனேன். "ஐ7 என்றுதானே பில்லில இருக்கு" என்றார். பார்த்தேன், அவ்வளவுதான் இருந்தது. அவளுக்கு முன்னால நின்று என்ன சொல்வதென்று தெரியவில்லை. அது அவள் சேர்த்த காசு.

காசு கொடுக்க முதல் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்க. டாஸ்க் மெனேஜர் வரும். பெர்ஃபோமன்ஸில் சிபியூவைத் தொட்டால் கோர்ஸ் ஒரு வரி, லொஜிக்கல் புரொசசர்ஸ் இன்னொரு வரி. முதல் வரியைத்தான் பாருங்க. ஐ7 என்ற பெயரைப் பார்த்தும் ஏமாறாதீங்க. 2017இல் வந்த ஐ5-8250யூவில் உண்மையாகவே 4 கோர் இருக்கு. பில்லில் மொடல் இலக்கத்தை முழுசா எழுதித் தரச் சொல்லுங்க. எழுத மாட்டேன் என்கிற கடையில் வாங்காதீங்க.