ஃபானி பர்னி: எந்த ஒப்பந்தம் லாபம்?

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நாவலுக்கு இன்றைய ராயல்டி போன்ற ஏற்பாடு வழக்கத்தில் இல்லை. பதிப்புரிமையை மொத்தமாக விற்கலாம், முன்வெளியீட்டுத் திட்டம் போடலாம், பதிப்புக்கு இவ்வளவு என்று பேசலாம். நாவலாசிரியை ஃபானி பர்னி மூன்றையும் செய்து பார்த்தவர்.

மொத்த விற்பனையில் போனது ‘எவிலினா’ (1778). பெயர் சொல்லாத ஆசிரியரின் நூலைப் பார்க்கவே பதிப்பாளர் டாட்ஸ்லி மறுத்துவிட்டார். இன்னொரு பதிப்பாளர் லவுண்ட்ஸ் பார்த்தார், ஆனால் முழுவதும் முடியாமல் அச்சிட முடியாது என்றார். பர்னி தந்தையின் இசை வரலாற்றைப் படியெடுத்தவர் என்பதால் அச்சகத்தாருக்கு அவர் கையெழுத்து தெரிந்திருக்கும். அதனால் நாவலின் மூன்று தொகுதிகளையும் மாற்றுக் கையெழுத்தில் எழுதிக் கொடுத்தார். கிடைத்தது 20 கினி, அதாவது 21 பவுண்டு. அடுத்த ஆண்டே நான்காம் பதிப்பு வந்தது, லாபம் பதிப்பாளருக்கு. ‘செசிலியா’வுக்கு (1782) விலை 250 பவுண்டாக ஏறியதே தவிர முறை மாறவில்லை. முதல் அச்சே 2000 பிரதிகள் என்பதை வைத்துப் பார்த்தால் இதுவும் குறைந்த விலைதான்.

‘கமில்லா’ (1796) வேறு கணக்கு, முன்வெளியீட்டுத் திட்டம். 1793இல் வருமானமில்லாத பிரெஞ்சு அகதி தார்ப்ளேயை மணந்தபின் குடும்பச் செலவு இவர் தலையில். ஐந்து தொகுதிகளுக்கு ஆளுக்கு ஒரு கினி முன்பணம். பெயர்கள் நூலின் முகப்பில் அச்சாகும். தெரிந்த சீமாட்டிகள் ஆளுக்கொரு பட்டியலை வைத்துக்கொண்டு சந்தா திரட்டினார்கள். சேர்ந்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல். பின்னாளில் நாவலாசிரியையாகப் புகழ்பெற்ற ஜேன் ஆஸ்டனும், ஸ்டீவன்டன் கிராமத்திலிருந்து, அவர்களில் ஒருவர். பதிப்புரிமையைத் தனியே 1000 பவுண்டுக்கு விற்றார். எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 2000 பவுண்டு வர, சர்ரேயில் வீடே கட்டிவிட்டார்கள். அதற்குப் பெயரும் கமில்லா காட்டேஜ். தெரிந்தவர்களிடம் கை நீட்டும் சங்கடம் இருந்தாலும் மூன்று வழியில் இதுவே சிறந்தது என்பேன். ஆனால் புதியவருக்கு இது பலிக்காது. முன்பணம் வந்தது ‘எவிலினா’ வாங்கிக் கொடுத்த பெயருக்கு. ராணி சார்லட்டின் அரண்மனையில் ஐந்தாண்டு பணிசெய்த பழக்கமும் கைகொடுத்தது.

‘தி வாண்டரர்’ (1814) லாங்மன் பதிப்பகத்துடன் பதிப்புவாரி ஒப்பந்தம். முதல் பதிப்புக்கு 1500 பவுண்டு, அதுவும் தவணையில். மேலும் பதிப்புகள் போனால் 3000 வரை. தாளில் இதுதான் பெரிய தொகை. முதல் பதிப்பு ஆசிரியர் பெயருக்காகவே விற்றுத் தீர்ந்தது. பிறகு விமரிசகர்கள் குதறினார்கள், இரண்டாம் பதிப்பு தேங்கியது, மிஞ்சிய பிரதிகள் காகிதக் கூழாயின. அடுத்த பதிப்புகளுக்கான பணத்துக்கு வழியில்லாமல் போயிற்று.